ராசிக் கண்

நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்துவிட்டது. போன தடவை நாம் சந்தித்தபோது ஓட்டலில் மெனு கார்டைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குப் பின்னால் சாய்ந்தோமே, பரிமாறுகிற பையன் அதைப் பார்த்துச் சிரித்தான். அதற்குப் பிறகுதான் நம் பள்ளி வாட்ஸப் குழுவில் கண்ணைப் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்தன. கேரட் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிடலாம், மங்கல் வெளிச்சத்தில் படித்தால் பார்வை போய்விடும், கண்ணாடி போடப் போடப் பவர் ஏறும். நம்மில் இரண்டு பேர் அதெல்லாம் தப்பு என்று பதில் போட்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டு மறுநாள் திரும்பி வந்தார். நான் ஒன்றும் எழுதவில்லை. ஆரம்பித்தால் நீளமாகப் போகும் என்று தெரியும். இன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை, எழுதுகிறேன்.

என்னை உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இடது கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும் பெண். பரீட்சை அன்றைக்குக் காலையில் வகுப்பு வாசலில் என்னை நிறுத்திவைத்து ஒவ்வொருவராக வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போவீர்கள். கணக்குப் பரீட்சை என்றால் வெளியே போய்த் திரும்ப வந்து இன்னொரு தடவை பார்த்தவர்களும் உண்டு. நான் பார்த்துவிட்டுப் போக எனக்கு அப்படி ஒரு முகம் எதிரே இல்லை. நான் அந்த வருஷம் கணக்கில் பெயிலானேன்.

அது 1991, நாம் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம். பக்கத்து ஊர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்து ராத்திரியைப் பற்றி நீங்கள் எல்லோரும் போதுமான அளவு எழுதிவிட்டீர்கள், அதை நான் தொடப்போவதில்லை. அதற்குப் பிறகு ரோட்டில் வண்டிகள் மெதுவாகப் போயின, பெரியவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள், போலீஸ் ஜீப் நின்று நின்று போனது. அது மட்டும் போதும். நான் சொல்ல வந்தது அந்த வருஷத்தின் பின்பாதியை.

என் கண் எனக்கு மூன்று வயதில் திரும்பியது. காய்ச்சல் வந்து இறங்கிய பிறகு என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மாதமே அப்பாவை கம்பெனியில் பர்மனென்ட் ஆக்கினார்கள். அப்பா வெல்டர். அதுவரை கூலிக்கு இரும்பு கேட் அடித்துக்கொண்டிருந்தவர். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்ததால் ஒன்றால்தான் மற்றொன்று என்று ஆகிவிட்டது. மாறுகண் ராசி என்று ஊரில் ஏற்கெனவே நம்பிக்கை உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு அத்தாட்சியும் கிடைத்துவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. மேட்டுத் தெருக்காரர் ஒருவர் போர்வெல் போடும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போய் லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மண்ணும் சாம்பல் நிறச் சேறும் வந்துகொண்டே இருந்தது, அப்புறம் தண்ணீர் பீய்ச்சியது. சட்டையெல்லாம் நனைந்தது. அவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு ஒரு தார் வாழைப்பழம் வந்தது. அந்தப் பக்கத்தில் தோண்டிய பாதி ஊருக்கு முன்பே தண்ணீர் கிடைத்திருந்தது என்பதை யாரும் பேசவில்லை.

நம் பக்கத்தில் அப்போதுதான் கம்பெனிகள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்திருந்தன. ஒரகடம் என்றால் வயலும் ஏரியும் சில டீக்கடைகளும்தான். மண்ணூர் ரோட்டில் கம்பி வேலி போட்ட ஷெட்டுகள் முளைத்தன. ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தால், மறுநாள் விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று சைக்கிள்கள் நிற்கும். குளித்து, விபூதி வைத்து, சர்ட்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு இளைஞர்கள் நிற்பார்கள். அம்மா எனக்கு அவசரமாகத் தலை வாரி, பொட்டு வைத்து, ரோட்டுக்கு அனுப்புவாள். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். சரியாகச் சொன்னால் இடது கண்ணைப் பார்ப்பார்கள். பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். வேலை கிடைத்தவர்கள் திரும்பி வந்து மிட்டாய் கொடுத்தார்கள். கிடைக்காதவர்கள் வரவில்லை. அதனால் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவரை என்னைப் பார்த்துவிட்டுப் போன எல்லோருக்கும் வேலை கிடைத்தது.

எனக்கு அதில் பெருமை இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருக்கும். இப்போது அது ஞாபகம் வரவில்லை. ஈரத்தலையோடு ரோட்டோரம் நிற்பதும், தேங்காயெண்ணெய் வாசனையும், லாரி போகும்போது காலில் வந்து அடிக்கிற புழுதியும்தான் ஞாபகம் இருக்கிறது.

அதே கண் வைத்திருந்த நான் வீட்டில் வேறு ஆள். தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றுவேன். படியில் இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிடுவேன். கதவு நிலையில் இடது தோள் எப்போதும் இடிக்கும். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் அழுகை வரும். நாம் பந்து விளையாடும்போது என் நெஞ்சில் பட்டுத்தான் பந்து கீழே விழும், சிரிப்பீர்கள். அம்மா தலையில் குட்டுவாள். "கண்ணு எங்க வெச்சிக்கினு நடக்கற" என்பாள். அந்தக் கேள்வியை அவள் ஒருநாள் கூட நின்று யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை. கண்ணுக்கு வாழைப்பழம் வந்தது, கைகாலுக்குக் குட்டு விழுந்தது.

கண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். மிதமிஞ்சி இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் பொன்னாங்கண்ணிக் கீரை. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, கண்ணுக்குள்ளும் இரண்டு சொட்டு விட்டு, சீயக்காய். ராத்திரியில் நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். டி.வி. இருந்த வீட்டுக்குப் போனால் சுவரோரம் கடைசியில்தான் உட்கார வேண்டும். கண்ணாடி போடுவது மட்டும் கூடாது. கண்ணாடி போட்டால் கண் அதற்குப் பழகிச் சோம்பேறியாகிவிடும் என்று அம்மா சொல்வாள்.

அப்பாவுக்குக் கண்ணைக் காப்பது என்றால் ஒரே ஒரு பொருள், அவருடைய வெல்டிங் ஷீல்டு. கையில் பிடிக்கிற மாதிரி அட்டையில் செய்தது, நடுவில் செவ்வகமாகக் கறுப்புக் கண்ணாடி. அதை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். கண்ணாடியில் கீறல் விழுந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவார், கழற்றின பழைய கண்ணாடியை எனக்குக் கொடுப்பார். நான் பள்ளிக்குக் கொண்டுவந்து உங்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். அதன் வழியே பார்த்தால் சூரியன் பச்சைக் காசு மாதிரி சின்னதாக இருக்கும். நான் எப்போதும் வலது கண்ணில்தான் வைத்துப் பார்ப்பேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனியில் வெல்டர்களுக்குப் புகைக்கு நல்லது என்று வெல்லம் கொடுப்பார்கள். அப்பா அதைச் சாப்பிடாமல் காகிதத்தில் மடித்து எனக்குக் கொண்டுவருவார். அதில் இரும்பு வாசனை இருக்கும்.

மழை ஆரம்பிக்கும் சமயத்தில் மெட்ராஸ் ஐ வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். பாதி வகுப்பு காலியாக இருந்தது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தெர்மாகோல் பலகையில் செருகிப் பச்சைக் கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி விற்றார், கட்டை மீசைக்காரர்களும் சின்னப் பிள்ளைகளும் ஒரே மாதிரிக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நோய் வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினோம். அதனால் பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினோம். வீட்டுக்கு வந்ததும் ஒரே துண்டில் முகம் துடைத்துக்கொண்டோம். அது கையிலும் துணியிலும்தான் ஒட்டிப் பரவும், பார்வையில் பரவாது என்று எனக்குத் தெரியவந்தது பல வருஷம் கழித்து.

எனக்கும் இரண்டு கண்ணிலும் வந்தது. முதல்நாள் காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. அம்மா வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றியெடுத்தாள். அன்றைக்கும் ஒருவர் இன்டர்வியூவுக்குப் போகிற வழியில் வந்து நின்றார். என் கண் சிவந்திருப்பதைப் பார்த்ததும் கையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு விரல் இடுக்கு வழியே ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் ஒரு வாரத்தில் சரியாகிக்கொண்டிருந்தது. சும்மா விட்டிருந்தால் எனக்கும் ஆகியிருக்கும். ஆனால் அப்பாவின் அக்கா, என் அத்தை, கவலைப்பட்டார். ராசியான கண்ணாயிற்றே, சும்மா விடலாமா என்றார். முதலில் எதிர்வீட்டில் பிள்ளை பெற்றிருந்த பெண்ணிடம் சங்கில் தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விட்டார்கள். இரண்டு நாளில் குறையவில்லை. அப்புறம் அத்தை ஏதோ ஒரு இலையை அம்மியில் நசுக்கி, துணியில் கட்டிப் பிழிந்து, என்னை மடியில் மல்லாத்தி இரண்டு கண்ணிலும் விட்டார். நெருப்பு மாதிரி எரிந்தது. நான் உதைத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார், அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எரிஞ்சாத்தாண்டி அழுக்கு வெளிய வரும்" என்றார் அத்தை.

மூன்று நாள் விட்டார்கள். நான்காம் நாள் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டால் மண்டைக்குள் குத்தியது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் இமையைப் பிரித்துப் பார்த்தார். கறுப்பு முழியில் அரிசி நொய் மாதிரி வெள்ளையாக ஒன்று இருந்தது என்று பிறகு சொன்னார். மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அவர், வேலையைப் போட்டுவிட்டு உடனே மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று திட்டியிருக்கிறார்.

பூந்தமல்லி வழியாக பஸ்ஸில் போனோம். அப்பா என் தலையில் துண்டைப் போட்டு மூடியிருந்தார். டீசல் நாற்றமும் துண்டில் இருந்த வியர்வை நாற்றமும்தான் அந்தப் பயணம்.

பெரிய கண்ணாஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. எங்களைப் பார்த்த டாக்டருக்கு அப்பா வயது இருக்கும். வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கு வைத்துப் பார்த்தார். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். அப்பா சொன்னார். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். கருவிழியில் புண், நல்லவேளை நடுவில் இல்லை, ஆஸ்பத்திரியில் தங்கி மருந்து போட வேண்டும் என்றார். பிறகு ஓர் அட்டையால் என் வலது கண்ணை மறைத்து, இடது கண்ணுக்கு எதிரே கையை நீட்டினார்.

எத்தனை விரல் என்று கேட்டார்.

நான் கையைத் தேடினேன். வெளிச்சம் இருந்தது. அதற்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. அழுக்குத் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல இருந்தது. இரண்டு என்றேன். அவர் இன்னும் கிட்டே வந்தார். ஐந்து என்றேன்.

"பயந்துக்கினு சொல்லுது டாக்டர்" என்றார் அப்பா. "அதுக்கு நல்லாத் தெரியும்." எழுந்து வந்து தன் கையை என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். வெல்டிங் புகையும் பீடியும் சேர்ந்த வாசனையால் அது அப்பாவின் கை என்று எனக்குத் தெரிந்தது. "இது எத்தினின்னு சொல்லும்மா. அப்பா கை. சொல்லு."

அப்பா கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார்.

அப்படித்தான் என் இடது கண்ணுக்குப் பார்வை இல்லை என்று தெரிந்தது. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் மற்றதன் குறை ஆளுக்கே தெரியாது. உலகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்துவிடலாம்.

டாக்டர் அப்பாவை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். அந்தக் கண்ணில் நோய் ஒன்றும் இல்லையாம். சின்ன வயதிலேயே அதில் பவர் அதிகம் இருந்திருக்கிறது, அதனால் திரும்பியிருக்கிறது. இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்த்தால் மூளைக்குக் குழப்பம். "அதனால மூளை இந்தக் கண்ணை வேணாம்னு ஒதுக்கிடுச்சுங்க. பார்க்கக் கத்துக்கவே இல்லை." அஞ்சாறு வயதில் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, இதை வேலை வாங்கியிருந்தால் பழகியிருக்கும் என்றார். இதற்கு முன்னால் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

அப்பா இல்லை என்றார். பிறகு, சொன்னாங்க என்றார்.

எனக்கு ஐந்து வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்திருக்கிறது. ஊர் நர்சம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே வந்த டாக்டர் என் வலது கண்ணில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டி, தினமும் இப்படி ஒட்ட வேண்டும் என்று சொல்லி, பஞ்சும் பிளாஸ்திரிச் சுருளும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கண்ணாடிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நான் சுவரில் மோதினேனாம். அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே எதிர்ப்பக்கம் நடந்தேனாம். மூச்சு அடைக்கிற மாதிரி அழுதேனாம். சாயங்காலம் அம்மா பிளாஸ்திரியைப் பிரித்துவிட்டாள். நல்லா இருக்கிற கண்ணை எதற்கு மூடுவது, மூடினால் அதுவும் அல்லவா போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். ராசிக் கண்ணை நேராக்கிவிட்டால் என்ன ஆகும் என்றும் ஒருவர் கேட்டாராம். நர்சம்மா விசாரிக்க வந்தபோது, ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று வீட்டில் சொன்னார்கள்.

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. பிளாஸ்திரியைப் பிய்க்கும்போது புருவத்தில் இழுத்த வலி மட்டும் லேசாக ஞாபகம் இருப்பது போல இருக்கும். அது கூட பிறகு கேட்டதிலிருந்து நானாக உண்டாக்கிக்கொண்டதாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் மணிக்கொரு தடவை மருந்து. அம்மா வந்து என்னோடு தங்கினாள். அப்பா அவளிடம் எல்லாவற்றையும் வராந்தாவில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அவள் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து என் தலையை வார ஆரம்பித்தாள். சிக்கே இல்லாத தலையை வெகுநேரம் வாரினாள்.

வலது கண்ணில் கட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறுகிற வரை கட்டு இருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வீடு என்பது சத்தமும் வாசனையும்தான். ஆள் வந்து நின்றால் வெளிச்சத்தில் நிழல் விழும், அவ்வளவு தெரியும். மாடு எது மனிதர் எது என்று தெரியும். எந்த மனிதர் என்று தெரியாது.

அப்போது சித்தப்பாவுக்கு இன்டர்வியூ வந்தது. அப்பாவின் தம்பி. செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டு, ஐ.டி.ஐ. முடித்த சர்ட்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவர். புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணமும் அதற்காகக் காத்திருந்தது. விடியற்காலையில் வந்து, பாப்பாவை ஒரு நிமிஷம் வெளியே கூட்டிவாருங்கள் அண்ணி என்றார். அம்மா தயங்கினாள். பிறகு பழக்கதோஷம் போலச் சீப்பை எடுத்தாள். எனக்குத் தலைவாரிப் பொட்டு வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் நிறுத்தினாள். நல்ல கண்ணில் வெள்ளைக் கட்டு, ராசிக் கண் மட்டும் திறந்திருந்தது. எதிரே ஓர் உயரமான நிழல் நின்றது. சோப்பு வாசனை வந்தது.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். அவர் குரல் தணிந்துதான் இருந்தது.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுடா. எதுர்ல நிக்கறது நீதான்னு கூட அதுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சாப் போதும்ணா" என்றார் சித்தப்பா.

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சித்தப்பா என்னிடம் ரொம்பப் பிரியமானவர், திருவிழாவில் என்னைத் தோளிலிருந்து இறக்கமாட்டார். அவருக்கு அன்றைக்கு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்பாவின் காலடிச் சத்தம் உள்ளே போனது. நிழல் குனிந்து என் முகத்துக்குக் கிட்டே வந்தது, கொஞ்சநேரம் இருந்தது, பிறகு விலகியது. சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேட்டது. என்னை யாரோ திருப்பி வீட்டுப் பக்கமாக நடத்தினார்கள்.

சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. ரிட்டையர் ஆகிற வரை அங்கேதான் இருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் மைசூர்பாகு வாங்கிவந்து என் வாயில் ஊட்டினார். நெய் வாசனையாக இருந்தது. நான் சாப்பிட்டேன்.

கட்டைப் பிரித்தபோது வலது கண் நன்றாகவே தெரிந்தது. கருவிழி ஓரத்தில் தழும்பு இருக்கிறது, இன்றைக்கும் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். இருக்கிற ஒரு கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். பவருக்காகக் கொஞ்சம், தூசியும் அடியும் படாமல் இருக்கக் கொஞ்சம். அம்மா இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கே வாங்கிவிட்டாள். கறுப்பு பிரேம். அதைப் போட்டுக்கொண்டு நான் பள்ளிக்கு வந்த நாளன்று நீங்கள் என்னைச் சோடாபுட்டி என்றீர்கள். அதற்குப் பிறகு ரோட்டோரம் சைக்கிள்கள் குறைந்தன. ஒருவர் மட்டும் வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்ல முடியுமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அந்தக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரியவளானதும் ஆபரேஷன் செய்து கண்ணை நேராக்கினார்கள். பார்க்க நேராக இருக்கும், பார்வை வராது என்று சொல்லித்தான் செய்தார்கள். சுங்குவார்சத்திரத்துப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வந்தபோது நானும் வேலைக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் எடுத்தார்கள், மெடிக்கலில் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னபோது அனுப்பிவிட்டார்கள். சின்னச் சின்னப் பாகங்களை வைக்கிற லைன், இரண்டு கண்ணும் வேண்டும். அது நியாயம்தான். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் டீ குடித்தேன்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. நான் சொல்ல வேண்டியது அந்த வருஷக் கடைசியில் தொடங்கிய ஒன்று.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு தடவை அம்மா தனியாக என்னை மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதே டாக்டர். அம்மா அவரிடம் இடது கண்ணைப் பற்றி மட்டும் கேட்டாள். இப்போது நல்ல கண்ணை மூடினால் வராதா என்று கேட்டாள். ஏழெட்டு வயதுக்கு மேல் ரொம்பக் கஷ்டம்மா என்றார் அவர்.

"ரொம்பக் கஷ்டம்னா, முடியாதுன்னு அர்த்தமா டாக்டர்?"

சிலருக்குக் கொஞ்சம் வரலாம், இந்த அளவுக்குப் போன கண்ணில் தனக்கு நம்பிக்கை இல்லை, வீட்டில் ஓடியாடாமல் உட்கார்ந்து கொஞ்சநேரம் மூடிப் பார்ப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அதில் அம்மா காதில் விழுந்தது எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நான் பள்ளிவிட்டு வந்ததும் பால் கொடுத்து, பின்கட்டில் வெளிச்சம் வருகிற பக்கமாக உட்காரவைப்பாள். வலது கண்ணில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டுவாள். நான் அழவில்லை, அழுகிற வயது போய்விட்டது. எனக்கு எதிரே அவளும் உட்காருவாள். கையைத் தூக்குவாள், வளையல் இறங்குகிற சத்தம் கேட்கும்.

"எத்தினி?"

நான் ஏதாவது சொல்வேன். "இல்லடி. மூணு இது." மறுபடி வளையல் சத்தம். "இல்லடி. ஒண்ணு." மறுபடி. "நாலு." அவள் கோபப்படவே இல்லை. ஒருகாலத்தில் டம்ளர் தவறினால் குட்டினவள், இதில் ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. அடுப்பில் சோறு குழைந்து அடிப்பிடிக்கிற வாசனை வரும், எழுந்து போகமாட்டாள். அப்பா வேலையிலிருந்து வந்தால் எங்களைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கிணற்றடிக்குப் போய்விடுவார். அவர் இதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவள் மட்டும் ஒருநாள், பஞ்சை ஒட்டிக்கொண்டே, என்னைப் பார்த்துச் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னாள்.

"நீ அப்பிடி அழுத. எனக்குத் தாங்கல."

நான் சரிம்மா என்றேன்.

பொங்கல் வந்து போனது. பனி போய் வெயில் ஏறியது. அந்தக் கண்ணில் எனக்கு எதுவும் மாறவில்லை. வெளிச்சம், அதற்குள் ஒரு கறுப்பு அசைவு, அவ்வளவுதான். ஆனால் அத்தனை நாள் கேட்டுக் கேட்டு வேறொன்று எனக்குப் பழகியிருந்தது. அம்மா எப்போதும் மூன்றில்தான் ஆரம்பிப்பாள். அடுத்தது ஒன்று, அதற்கடுத்தது நாலு. அவளுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் அவளுக்கு உடம்பு சரியில்லை. இருமிக்கொண்டே உட்கார்ந்தாள். பஞ்சு வைத்தாள், ஒட்டினாள். வளையல் சத்தம் கேட்டது.

"எத்தினி?"

"மூணு" என்றேன்.

வெகுநேரம் கழித்து வளையல் மறுபடி இறங்கியது.

"ஒண்ணு."

மறுபடி.

"நாலும்மா. நல்லாத் தெரியுது."

அதற்குப் பிறகு அவள் என் கண்ணை மூடவில்லை. மகளுக்கு அந்தக் கண்ணில் கொஞ்சம் பார்வை வந்துவிட்டது, டாக்டரே வராது என்று சொன்னது, தினமும் உட்கார்ந்து வரவழைத்தோம் என்று அவள் கடைசிவரை எல்லோரிடமும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரியிடமும் சொன்னாள். நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

நாலு என்று நான் சொன்ன பிறகு பின்கட்டில் சத்தமே இல்லை. இருமல் கூட நின்றிருந்தது. எனக்கு எதிரே அந்தக் கறுப்பு நிழல் அசையாமல் அப்படியே இருந்தது. அம்மா சிரித்தாளா, அழுதாளா, நான் சொன்னதை நம்பினாளா என்று முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கிற கண்ணை அவள் மூடியிருந்தாள்.